கேட்டது கிடைத்த பின்பும் அவன் ஏன் நிறுத்தவில்லை?

 

விமானக் கடத்தலைக் கருவாகக் கொண்ட எந்தப் படத்திலும் முதல் அரைமணி நேரத்திற்குள் ஒரு கேள்வி எழுந்தே தீரும். தரையிலிருந்து பேசும் அதிகாரி ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கடத்தல்காரனிடம் கேட்பார். கதையின் முதுகெலும்பே அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் இருக்கிறது. பணம் வேண்டும், சிறையிலிருக்கும் தலைவன் வேண்டும், வேறு நாட்டில் இறங்க வேண்டும், பழைய கணக்கொன்றைத் தீர்க்க வேண்டும் என ஏதேனும் ஒன்று. விடை வலுவாக இருந்தால் கதை நிற்கும். விடையே இல்லாமலும் சில படங்கள் ஓடியிருக்கின்றன. அப்படி ஓடியவற்றில் வில்லன் பெரும்பாலும் யாராக இருந்தான் என்பதைத்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

மதரஸாவில் பாடம் நடத்துவோருக்கும் திரைப்படத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நாம் தேடிப் போகாவிட்டாலும் அது நம் மக்தபின் முற்றத்திற்கே வந்து சேர்ந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் விடுமுறை நாள்தோறும் மொழிமாற்றப் படங்கள் ஓடுகின்றன. கைப்பேசியில் அவற்றின் துண்டுக் காட்சிகள் பிள்ளைகளின் விரலுக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பெற்றோர் அறியாததை ஆசிரியர்கள் பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து அறிந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1996இல் வெளிவந்த 'எக்ஸிகியூட்டிவ் டிசிஷன்'. இயக்கியவர் ஸ்டூவர்ட் பேர்ட். நாயகன் கர்ட் ரஸல். ஏதென்ஸிலிருந்து வாஷிங்டன் செல்லும் ஜம்போ விமானம் நடுவானில் கடத்தப்படுகிறது. தலைமை தாங்குபவன் நாகி ஹசன். சிறைபிடிக்கப்பட்டுள்ள தன் தலைவர் ஜாஃபாவை விடுவிக்க வேண்டும் என்பது அவனுடைய கோரிக்கை. ஆனால் விமானத்திற்குள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு வாயுவுடன் ஒரு வெடிகுண்டு மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க வான்வெளியில் அதை வெடிக்கச் செய்து இலட்சக்கணக்கானோரைக் கொல்வதே அவனது அந்தரங்கத் திட்டம். இதற்கிடையில் ஜாஃபா விடுதலை செய்யப்படுகிறார். அவரே தொலைபேசியில் அழைத்துத் தாம் விடுபட்ட செய்தியைச் சொல்கிறார். கேட்டது கிடைத்துவிட்டது. ஹசனோ நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை? படம் தரும் விடை, 'அல்லாஹ்வின் பழிவாங்கல்' என்ற பொருளில் அமைந்த ஓரிரு வசனங்கள் மட்டுமே. அவன் எந்த ஊரில் பிறந்தான், யாரை இழந்தான், எதை அடைய நினைக்கிறான், வாஷிங்டன் அழிந்துபோனால் விடுதலையான அவனுடைய தலைவருக்கு அதனால் என்ன இலாபம்? ஒன்றுக்கும் விடையில்லை. அவனுடைய கூட்டத்திலேயே ஒருவன் மட்டும், இதற்கும் இஸ்லாத்திற்கும் தொடர்பில்லை, உன்னை வெறுப்பு குருடாக்கிவிட்டது என்று எதிர்த்துப் பேசுகிறான். பேசி முடித்ததும் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஒரு முஸ்லிம் வாய் திறந்து அறிவுபூர்வமாகப் பேசுவதற்குத் திரைக்கதை அளித்த அவகாசம் அவ்வளவுதான்.

நோக்கத்தை விட்டுவிடுவோம். கதையின் தர்க்கத்தையாவது பார்ப்போம். அந்த விமானம் ஏற்கெனவே வாஷிங்டனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது! குண்டு உள்ளே ஏறிவிட்டது. போதாக்குறைக்கு அதை வெடிக்கச் செய்யும் கருவியுடன் அவர்களுடைய ஆள் ஒருவன் சாதாரணப் பயணிபோல் இருக்கையில் அமர்ந்திருக்கிறான். பயணிகளில் எவரும் அவனை அறியார். அப்படியிருக்க, துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, "விமானத்தைக் கடத்திவிட்டோம்" என்று உலகுக்கு அறிவிக்க வேண்டிய அவசியம் என்ன? எல்லோரும் கொடுத்த உணவை உண்டுவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உறங்கியிருந்தால், அவர்கள் விரும்பிய இடத்திற்கு விமான நிறுவனமே அவர்களைக் கொண்டு சேர்த்திருக்கும். கடத்தலை அறிவித்ததனால்தான் பென்டகனுக்குச் சந்தேகம் எழுகிறது. அதனால்தான் உளவு ஆய்வாளர் நச்சு வாயுவைப் பற்றி ஊகிக்கிறார். அதனால்தான் இரகசிய விமானம் ஒன்று நடுவானில் கீழிருந்து வந்து ஒட்டிக்கொள்ள, வீரர்கள் குழாய் வழியே ஏறுகிறார்கள். வில்லன் தன் திட்டத்தைத் தானே காட்டிக்கொடுக்காவிட்டால் படமே இல்லை. இவ்வளவு பெரிய ஓட்டையோடு ஒரு கதை இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓடுகிறது என்றால், பார்ப்பவர்கள் எதையோ கேட்காமல் இருக்கும்படி பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

மறு ஆண்டே, 1997இல், 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' வெளியானது. இயக்கம் வுல்ஃப்காங் பீட்டர்சன். அமெரிக்க அதிபராக ஹாரிசன் ஃபோர்டு. அவருடைய விமானத்தைக் கடத்தும் இகோர் கோர்ஷுனோவாக கேரி ஓல்ட்மன். இங்கும் கோரிக்கை, சிறையிலிருக்கும் தலைவனை விடுவிக்க வேண்டும் என்பதே. கஸகஸ்தானின் சர்வாதிகாரியாகக் காட்டப்படும் ஜெனரல் ராடெக்தான் அந்தத் தலைவன். (கஸகஸ்தான் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. ஆனால் கடத்துவோர் ரஷ்யப் பேரரசு வெறியர்களாக அமைந்ததால் அந்த மக்கள் இம்முறை தப்பித்தார்கள்!) கதையின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். வில்லன் மட்டும் வேறொருவன்.

இந்தக் கோர்ஷுனோவுக்கு எவ்வளவு பேச வாய்ப்பளித்திருக்கிறார்கள் பாருங்கள்! தன் தாய்நாடு கொள்ளையர்களுக்கும் விபசாரத் தரகர்களுக்கும் விற்கப்பட்டுவிட்டதாக அவன் குமுறுகிறான். எண்ணெய் விலைக்காக ஈராக்கில் இலட்சம் பேரைக் கொன்றவர்கள் தனக்குப் போர் நெறியைப் போதிக்கலாமா என்று அமெரிக்கத் துணை அதிபரிடமே கேட்கிறான். அதிபரின் சிறு மகளை அருகில் அமர்த்தி, உன் தந்தையும் கொலை செய்தவர்தான். அவர் கோட்டு அணிந்து தொலைபேசியில் ஆணையிட்டுக் கொல்கிறார், வேறுபாடு அவ்வளவுதானே என்று வாதம் புரிகிறான். அவன் கொடியவன்தான், படம் அவனை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் கூடாது. ஆயினும் அவனுக்கு ஒரு மனம் இருக்கிறது, இழப்பு இருக்கிறது, வரலாறு இருக்கிறது. அரங்கைவிட்டு வெளியேறுபவர், 'அவன் ஏன் இப்படிச் செய்தான்' என்று கேட்டால் விடை சொல்ல முடியும். அந்த விடையில் 'அவன் கிறிஸ்தவன் என்பதால்' என்ற சொற்றொடருக்கு இடமே இல்லை. ஈராக்கின் முஸ்லிம்களுக்காக ஹாலிவுட்டில் ஒரு கடத்தல்காரன் பேசினான் என்றால், அவனும் ரஷ்யனாக இருக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதே படத்தில் கிப்ஸ் என்றொரு பாத்திரம் உண்டு. அதிபரின் மெய்க்காவலர் படையைச் சேர்ந்த அமெரிக்கர். கடத்தல்காரர்களுக்கு ஆயுதப் பெட்டகத்தைத் திறந்துவிடுபவர் அவர்தான். அவர் ஏன் துரோகம் செய்தார்? படம் முடியும்வரை ஒரு வரி விளக்கமும் கிடையாது. ஆங்கிலப் பட இரசிகர்கள் இதைத் திரைக்கதையின் பெரும் குறையாகச் சுட்டிக்காட்டிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். சரிதான், குறைதான். ஓர் அமெரிக்கர் காரணமின்றிக் கொடுமை செய்தால் அது ஓட்டை என்று எல்லோருக்கும் உறுத்துகிறது. நாகி ஹசன் காரணமின்றி இலட்சக்கணக்கானோரைக் கொல்லப் புறப்பட்டால் அது ஓட்டையாக உறுத்துவதில்லை. ஏனெனில் அவனுடைய பெயரும் மொழியும் மார்க்கமுமே காரணத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. திரைக்கதை ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை நம்முடைய கலிமாவைக் கொண்டு செய்து முடித்துவிடுகிறார்கள். நம் வழக்கு முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது.

இதற்கும் பத்தாண்டுகளுக்கு முன் வந்த 'தி டெல்டா ஃபோர்ஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1985 ஜூனில் நடந்த டிடபிள்யூஏ 847 விமானக் கடத்தலைத் தழுவி, மறு ஆண்டே இஸ்ரேலில் படமாக்கி வெளியிடப்பட்டது. உண்மை நிகழ்வில் கடத்தியவர்கள், இஸ்ரேலின் பிடியிலிருந்த நூற்றுக்கணக்கான லெபனானியக் கைதிகளின் விடுதலையைக் கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவரைக் கொன்றார்கள். இறுதியில் பேச்சுவார்த்தைகளின் முடிவில் பணயக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். படத்தில் சக் நாரிஸ் ஏவுகணை பொருத்திய மோட்டார் சைக்கிளில் வந்து அனைவரையும் சுட்டுத் தீர்க்கிறார். பேச்சுவார்த்தை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்!

இனி எதிர்வாதத்திற்கு வருவோம். "விமானங்களை உங்கள் ஆட்கள் கடத்தவில்லையா? காந்தஹாரை மறந்துவிட்டீர்களா? நியூயார்க்கை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை, மறைக்கவும் மாட்டோம். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து தில்லி நோக்கிப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தியவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்களே. அம்ரித்சர், லாகூர், துபை எனச் சுற்றி, புதிதாக மணமான ஓர் இளைஞரைக் குத்திக் கொன்று, காந்தஹாரில் நிறுத்தி, டிசம்பர் 31 அன்று மூன்று கைதிகளின் விடுதலைக்குப் பின்னரே பயணிகளை விட்டார்கள். 1994 டிசம்பரில் அல்ஜியர்ஸில் ஏர் பிரான்ஸ் விமானத்தைக் கடத்தியவர்களும் அப்படியே. மூன்று பயணிகளைக் கொன்றார்கள், இறுதியில் மார்செய்யில் பிரெஞ்சுக் கமாண்டோக்களால் கொல்லப்பட்டார்கள். 2001 செப்டம்பர் 11 பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இந்த மூன்றிலுமே காரணம் இருந்தது என்பதைத்தான் நாம் சொல்ல வருகிறோம். காந்தஹாரில் கைதிகளின் பெயர்ப்பட்டியல் இருந்தது. அல்ஜியர்ஸ் கடத்தலுக்குப் பின்னால் 1992இல் தேர்தலை இராணுவம் இரத்துசெய்ததும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் இருந்தன. நியூயார்க் தாக்குதலை நடத்தியவர்களும் தம் அரசியல் காரணங்களைப் பகிரங்கமாகவே அறிவித்தார்கள். அக்காரணங்கள் எவையும் ஓர் அப்பாவியின் உயிரைப் பறிப்பதை ஆகுமாக்காது. காரணத்தைக் கூறுவது ஒன்று, நியாயம் கற்பிப்பது வேறொன்று. நீதிமன்றத்தில் கொலையாளியைத் தண்டிக்கும் நீதிபதியும் அவனது நோக்கத்தை விசாரித்துவிட்டுத்தான் தண்டிக்கிறார். நோக்கத்தை விசாரித்ததால் அவர் கொலையாளியின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லையே!

மேலும், விமானக் கடத்தலின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அது எவ்வளவு பலதரப்பட்ட மனிதர்களின் வரலாறு என்பது விளங்கும். 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கடத்தப்பட்டன; பெரும்பாலானவர்களின் முதல் விருப்பம் கியூபாவுக்குப் போவது. அந்தத் தொல்லை தாங்காமல்தான் 1973 ஜனவரி முதல் அங்கே பயணிகள் அனைவரையும் சோதிக்கும் முறை வந்தது. 1971இல் டி.பி. கூப்பர் என்று அறியப்பட்ட ஒருவர் 2 இலட்சம் டாலரைப் பெற்றுக்கொண்டு பாராசூட்டில் குதித்து மறைந்தார். இன்றுவரை அவர் யாரென்று தெரியவில்லை. நம் நாட்டில் 1978 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை வாரணாசிக்குக் கடத்தியவர்கள் போலாநாத் பாண்டே, தேவேந்திர பாண்டே என்ற இரு காங்கிரஸ் இளைஞர்கள். கையிலிருந்தது பொம்மைத் துப்பாக்கி. கோரிக்கை, இந்திரா காந்தியை விடுவிக்க வேண்டும் என்பது. பின்னர் அவ்விருவரும் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்திற்கே உறுப்பினர்களாகச் சென்றார்கள்! 1996இல் எத்தியோப்பிய விமானமொன்றைக் கடத்திய மூவர், ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அவ்வளவு தூரத்திற்கு எரிபொருள் இல்லை என்று விமானி மன்றாடியும் நம்பவில்லை. விமானம் கொமொரோஸ் தீவுகளுக்கருகே கடலில் விழுந்து 125 பேர் மாண்டனர்.

நம்மவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறோம். 2016 மார்ச் 29 அன்று அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ செல்லும் எகிப்து விமானத்தை ஒருவர் போலி வெடிகுண்டு இடுப்புப்பட்டியைக் காட்டிச் சைப்ரஸுக்குத் திருப்பினார். முஸ்லிம் பெயர் தாங்கியவர், எகிப்தியர். அங்கே இறங்கியதும் தம் முன்னாள் மனைவிக்கு ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க வேண்டும் என்றார். திரைக்கதை எழுதுவோர் இப்படியொரு மனிதரைக் கற்பனை செய்வார்களா? முஸ்லிம் பெயருடையவர் விமானத்தைக் கடத்தினார், அதற்குக் காரணம் பிரிந்துபோன மனைவி என்று ஒரு கதை வந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று தயாரிப்பாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

மார்க்கம் இதுபற்றி என்ன சொல்கிறது என்பதில் நம்மிடையே எந்தக் குழப்பமும் வேண்டாம். வழிப்போக்கரை ஆயுதத்தால் அச்சுறுத்துவதை நம் ஃபிக்ஹு நூல்கள் ஹிராபா என்றும் கத்உத் தரீக் என்றும் தனித் தலைப்பிட்டுப் பேசுகின்றன. அல்மாயிதா அத்தியாயத்தில் மிகக் கடுமையான தண்டனை கூறப்பட்ட குற்றங்களுள் ஒன்று அது. வானில் செய்தாலும் வழிப்பறி வழிப்பறிதான். பயணச்சீட்டு வாங்கி ஏறியவன், உடன் பயணிப்போருக்குத் தன்னால் தீங்கில்லை என்ற அமானை ஏற்றுக்கொண்டே ஏறுகிறான். அதை முறிப்பது மோசடி. முஸாஃபிரின் துஆ தட்டப்படாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஆகவே ஹசன் போன்றவனை நமக்குள் ஒருவனாக அணைத்துக்கொள்ள வேண்டுமென்று நாம் கோரவில்லை. அவனைச் சபிப்பதற்கும்கூட அவன் யார், எதற்காகச் செய்தான் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது ஹாலிவுட் திருந்திவிட்டது" என்பார்கள் சிலர். திருந்தியதன் இலட்சணத்தையும் பார்த்துவிடுவோம். 2005இல் வந்த 'ஃப்ளைட்பிளான்' படத்தில் ஜோடி ஃபாஸ்டர் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு, இறந்த கணவரின் சவப்பெட்டியுடனும் சிறு மகளுடனும் பயணிக்கிறார். நடுவானில் மகளைக் காணவில்லை. உடனே அவருடைய கண் பின்னிருக்கையில் இருக்கும் அரபு ஆண்கள் மீது பாய்கிறது. பெர்லினில் தம் வீட்டுச் சன்னலை நோட்டமிட்டவர்கள் இவர்களே என்று குற்றம் சாட்டுகிறார். கடைசியில் உண்மைக் குற்றவாளிகள், பயணிகளைக் காக்க வேண்டிய ஏர் மார்ஷலும் ஒரு விமானப் பணிப்பெண்ணும் என்று தெரியவருகிறது. 5 கோடி டாலர் பறிப்பது அவர்களின் நோக்கம். சவப்பெட்டிகளை எக்ஸ்ரேயில் சோதிப்பதில்லை என்பதால் வெடிமருந்தை அதற்குள் வைத்தார்களாம். அதைத் திறக்கும் குறியீட்டு எண் அந்தத் தாய்க்கு மட்டுமே தெரியும் என்பதால் குழந்தையைக் கடத்தினார்களாம். நானூறுக்கு மேற்பட்ட பயணிகளில் ஒருவர்கூடக் குழந்தையைக் கவனிக்கவில்லை என்ற தற்செயலின்மீதே மொத்தத் திட்டமும் நிற்கிறது! இருந்தபோதிலும் பாருங்கள், அவர்களுக்குப் பேராசை என்ற காரணமாவது தரப்பட்டிருக்கிறது.

முடிவில் அந்த அரபுப் பயணி, தம்மை அவமானப்படுத்திய பெண்ணின் பையை எடுத்துக் கொடுக்கிறார். அவளிடமிருந்து ஒரு மன்னிப்புச் சொல்லும் வருவதில்லை. அவருடைய பெருந்தன்மையைக் காட்டிப் படம் தன் கடனை அடைத்துவிடுகிறது.

அந்தப் படம் வெளியானபோது நடந்த ஒன்றை நம் சமுதாயம் அவசியம் அறிந்திருக்க வேண்டும். விமானப் பணியாளர்களில் ஒருவரை வில்லியாகக் காட்டியதற்காக அமெரிக்க விமானப் பணியாளர் தொழிற்சங்கங்கள் அப்படத்தைப் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தன. ஒரே ஒரு படம்! ஒரே ஒரு பணிப்பெண்! பயணிகளுக்கும் தங்களுக்கும் இடையிலுள்ள நம்பிக்கை கெடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். நியாயமான அச்சம். நாம் பத்தாண்டுக்கணக்கில் வந்த படங்களைப் பற்றி அதே அச்சத்தைச் சொன்னால் மட்டும், "படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதவர்கள்" என்ற பட்டம் நமக்குக் கிடைக்கிறது. பெயர் விஷயம் வேறு யாரையும் தைப்பதில்லை என்பதும் உண்மையன்று. காந்தஹார் கடத்தலைப் பற்றி 2024இல் நெட்ஃபிளிக்ஸில் தொடர் வந்தபோது, கடத்தல்காரர்கள் போலா, சங்கர் என்று அழைக்கப்படுவதைக் கண்டு நாடே கொந்தளித்தது. அவை கடத்தல்காரர்களே வைத்துக்கொண்ட சங்கேதப் பெயர்கள் என்று 2000ஆம் ஆண்டிலேயே உள்துறை அமைச்சகம் தெரிவித்திருந்தது. ஆயினும் தொடரின் தொடக்கக் குறிப்பில் அவர்களின் உண்மைப் பெயர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு கொடியவனுக்குத் தம் சமயத்தின் பெயர் ஒட்டிக்கொள்வதை எவரும் விரும்புவதில்லை. நாம் மட்டும் ஏன் விரும்ப வேண்டும்?

2014இல் வந்த 'நான்-ஸ்டாப்' இன்னும் நுணுக்கமானது. நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்லும் விமானம். ஏர் மார்ஷலாக லியாம் நீசன். 15 கோடி டாலர் செலுத்தாவிட்டால் 20 நிமிடத்திற்கு ஒருவர் சாவார் என்று அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. பயணிகளில் தொப்பி அணிந்த ஒரு முஸ்லிம் மருத்துவர் இருக்கிறார். கேமரா அவர்மீது தங்கித் தங்கிச் செல்கிறது. நாமும் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகவே. பிறகு அவர் நல்லவர், உதவுபவர் என்று தெரிகிறது. உண்மை வில்லன், செப்டம்பர் 11இல் தந்தையை இழந்து, படையில் சேர்ந்து, போரில் மனமுடைந்து திரும்பியவன். நாட்டின் வான்வழிப் பாதுகாப்பு பொய்யானது என்று நிரூபிக்க, ஒரு ஏர் மார்ஷலையே குற்றவாளியாகக் காட்டி விமானத்தைத் தகர்க்க முனைகிறான். முதல் சாவே அந்த மார்ஷலின் கையால், சரியாக 20ஆம் நிமிடத்தில் நிகழ வேண்டும் என்பதை அவன் எப்படிக் கணித்தான் என்று கேட்காதீர்கள். கேட்டால் படம் கவிழ்ந்துவிடும். இருந்தும் அவனுக்கு ஒரு தந்தை இருந்தார், துக்கம் இருந்தது, ஏமாற்றம் இருந்தது. கடைசியில் எழுந்து நின்று அத்தனையையும் எடுத்துரைக்கிறான்.

இந்த இரு படங்களிலும் முஸ்லிம் குற்றவாளியல்லன் என்று மகிழ்ச்சியடைவோர் நம்மிடையே உண்டு. நமக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. பார்வையாளரைத் திசைதிருப்புவதற்கு ஒரு தாடியும் தொப்பியும் போதும் என்ற கணக்கில்தான் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. முந்தைய படங்கள் நூற்றுக்கணக்கில் விதைத்துவைத்த ஐயத்தை முதலீடாகக் கொண்டல்லவா இந்தத் திருப்பம் வேலை செய்கிறது! அந்த மருத்துவருக்கும் அரபுப் பயணிக்கும் நல்லவர் என்ற சான்றிதழைத் தவிரச் சொந்தமாக வேறு கதை கிடையாது.

நம் மொழிக்கு வந்தால், 2011இல் இராதாமோகன் இயக்கிய 'பயணம்' நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து தில்லி செல்லும் விமானம் கடத்தப்பட்டுத் திருப்பதியில் இறங்குகிறது. யூசுப் கான் என்பவனை விடுவிக்க வேண்டும், 100 கோடி ரூபாய் தர வேண்டும் என்பது கோரிக்கை. கதையமைப்பைப் பொறுத்தவரை இது 'எக்ஸிகியூட்டிவ் டிசிஷ'னை விடப் பலபடி மேல் என்பதே நம் கணிப்பு. கோரிக்கை வெறும் சாக்காக இல்லை. விடுவிக்கப்பட வேண்டியவன் விபத்தில் இறந்துவிட, அவனைப்போல் உருவமுள்ள ஒரு நடிகரைத் தேடிப் பிடிக்கும் பகுதி அந்தக் கோரிக்கையிலிருந்தே முளைக்கிறது. பயணிகளையும் பொறுமையாகத் தீட்டியிருக்கிறார் இயக்குநர். திரை நாயகர் ஒருவரை வைத்துச் செய்யும் கிண்டல் சிரிக்க வைக்கிறது. கடத்தியவர்களின் பக்கம் வரும்போது மட்டும் அந்தத் தூரிகை அவசரப்படுகிறது. பயணிகளுக்குச் செலவிட்ட அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அங்கும் செலவிட்டிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

சரி, நம் வீட்டுக்குள் வருவோம். சில மாதங்களுக்கு முன் மக்தப் இடைவேளையில் பிள்ளைகள் பாயை வரிசையாக விரித்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விமானி, ஒருவன் கமாண்டோ. 'தீவிரவாதி' யாரென்று பேச்சு வந்தபோது, எல்லோரும் தொப்பி அணிந்திருந்த அந்தக் கூட்டத்தில், யாருடைய தொப்பி பெரிதோ அவனையே தேர்ந்தெடுத்தார்கள். அவனும் மறுக்கவில்லை. "நீ எதுக்குடா விமானத்தைக் கடத்துற?" என்று நாம் அருகில் சென்று கேட்டோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "தெரியாது ஹஜ்ரத், தீவிரவாதின்னா கடத்துவான்ல" என்றான். பதினோரு வயது. அவன் சொன்ன விடையும் நாகி ஹசனைப் படைத்தவர்களின் விடையும் ஒன்றேதான்.

இதற்கு நம் வீடுகளில் இரு விதமான எதிர்வினைகளைக் காண்கிறோம். ஹராம் என்று சொல்லித் தொலைக்காட்சியை அணைத்துவிடுவது ஒன்று. அணைப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சக மாணவனின் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்ததற்கு அந்த அணைத்தல் விடையாகாது. 'சினிமாதானே' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பது மற்றொன்று. நாம் பெற்றோரிடம் வேண்டுவது எளிய காரியம். பிள்ளை அத்தகைய படத்தைப் பார்த்துவிட்டது என்று தெரிந்தால், ஏசுவதற்கு முன் அருகில் உட்கார வைத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் என்ன கேட்டான்? கிடைத்ததா? கிடைத்த பிறகு ஏன் நிறுத்தவில்லை? படத்தில் தொழுகிறவர் யார், அவருக்கு வாப்பா, உம்மா, பிள்ளைகள் உண்டா? பிள்ளைகள் கதையின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். வழிகாட்டினால் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களில் சிலர் குறும்படங்களோடு நம்மிடம் வருகிறார்கள். எல்லாவற்றிலும் முஸ்லிம் பாத்திரம் இரத்ததானம் செய்கிறது, வெள்ளத்தில் படகு ஓட்டுகிறது, அண்டை வீட்டாருக்கு நோன்புக் கஞ்சி கொடுக்கிறது. நல்லவைதாம், நடப்பவையும்தாம். ஆயினும் தம்பிமார்களே, நம்மில் கெட்டவனையும் எழுதுங்கள். வட்டிக்கடனில் மூழ்கியவனை, சகோதரனின் பங்கை அபகரித்தவனை, வெளிநாட்டு முகவனிடம் ஏமாந்து பழிவாங்கத் துடிப்பவனை எழுதுங்கள். தேவைப்பட்டால் விமானத்தையும் அவன் கடத்தட்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும்போது, அவன் வாயில் ஒரு மனிதனின் விடையை வையுங்கள். எழுதி முடித்ததும் நமக்கு அனுப்பிவையுங்கள். வாசிக்க ஆவலாய் இருக்கிறோம்.